போதும் என்கிற கை

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திருவான்மியூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஓட்டலில் கையும் களவுமாகப் பிடிபட்டேன். பிடித்தது என் மகள்.

குற்றம் – ஃபுல் மீல்ஸ் சாப்பிட்டது.

இதில் என்ன குற்றம் என்று கேட்பீர்கள். அறுபது வயதுக்காரன், ரிட்டயர் ஆனவன், மனைவியை இழந்தவன், ஞாயிற்றுக்கிழமை ஓட்டலில் இலை போட்டுச் சாப்பிடுவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. ஆனால் அதற்குச் சற்று முன்புதான் அதே மகளின் வீட்டு வாசலில், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, "நான் சாப்பிட்டாச்சும்மா" என்று சொல்லியிருந்தேன்.

சாப்பிடவில்லை. காலையில் குடித்த காப்பியோடு மந்தைவெளியில் பஸ் ஏறினவன் நான். அடையாறு பாலம் தாண்டும்போதே வயிறு கூப்பாடு போட ஆரம்பித்துவிட்டது. வித்யா வீட்டுக்குப் போனால் ஒரு வாய் ரசம் சாதம் கிடைக்கும் என்று வழியெல்லாம் மனசு சொல்லிக்கொண்டே வந்தது. கதவு திறந்ததும் வாய் தானாக அந்தப் பொய்யைச் சொல்லிவிட்டது.

"நாங்களும் சாப்பிட்டாச்சுப்பா" என்றாள் வித்யா.

சரி, விஷயம் முடிந்தது என்று ஹாலில் உட்கார்ந்தேன். ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டிருந்தாள். வெயில் கண்ணைக் கூசுகிறது என்றாள். பேத்தி நந்துவைக் காணோம். பக்கத்து ஃப்ளாட்டில் விளையாடுகிறாள் என்றாள். மாப்பிள்ளை ஒரு கட்டட வேலையாக மஸ்கட்டில் இருக்கிறார். அவர் போன் பண்ணினாரா? பண்ணினார். தண்ணி லாரி ஒழுங்காக வருகிறதா? வருகிறது. அவ்வளவுதான்... அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் அகப்படவில்லை. "அப்ப நான் கிளம்பட்டுமா?" என்றேன். "சரிப்பா" என்றாள்.

நேராக ஓட்டலுக்குப் போனேன். சாம்பார் சாதம் முடித்து ரசத்துக்கு வந்திருந்தேன். சர்வர் அன்னக்கூடையோடு வந்து, "இன்னும் கொஞ்சம் வெக்கட்டா சார்?" என்றார். இலையின் மேல் கையை விரித்து மறைத்து, "போதும், போதும்" என்றேன். போதவில்லை. அளவில்லாத சாப்பாடு, முன்கூட்டியே டோக்கன் வாங்கியாயிற்று, பசியோ அடங்கவில்லை. ஆனாலும் கை போய் மறைத்துவிட்டது.

தலை நிமிர்ந்தால் பார்சல் வாங்கும் இடத்தில் வித்யா நிற்கிறாள்.

"இன்னா மேடம் வேணும்?" என்றார் பார்சல் கட்டுகிறவர்.

"ஒரு தயிர் சாதம் பார்சல்" என்றபடி திரும்பினவள் என்னைப் பார்த்தாள். நான் இலையைப் பார்த்தேன். மெதுவாகப் பக்கத்தில் வந்தாள்.

"ஏம்ப்பா... சாப்பிட்டாச்சுன்னியே?"

"நீயும்தான் சாப்பிட்டாச்சுன்னே."

சிரித்திருக்க வேண்டிய இடம்தான். எதிரில் உட்கார்ந்திருந்தவர்கூடச் சிரித்தார். ஆனால் தெருப்பக்கத்து வெளிச்சத்தில் அப்போதுதான் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். கண் இரண்டும் மஞ்சளாக இருந்தன.

"கண்ணு ஏம்மா இப்படி இருக்கு?"

"ஒண்ணுமில்லப்பா. காமாலையாம். டாக்டர்ட்ட போயிட்டு வந்துட்டேன். ரெஸ்ட் எடுத்தா சரியாயிடும்னார்."

"எப்போலேர்ந்து?"

"போன வாரத்துலேர்ந்து. சமைக்கத் தெம்பில்லை. அதான் நந்துவுக்கு ஏதாவது வாங்கிண்டு போலாம்னு..."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"உன்னை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்..."

எனக்குச் சுருக்கென்றது. அது என்னுடைய வாக்கியம். டாக்டரிடம், பக்கத்து வீட்டாரிடம், ஆபீஸில் மேலதிகாரியிடம், கடைசியில் என் மனைவியிடம்கூட நான் வாழ்நாள் பூராவும் சொல்லி வந்தது. அதே இழுப்போடு, அதே பாதிச் சிரிப்போடு மகள் வாயிலிருந்து வந்தது.

கை கழுவிவிட்டு அவளோடு வீடு வரை போனேன். பார்சலை மேஜையில் வைத்தேன். "நான் வேணா இருக்கட்டுமா?" என்றேன். "வேண்டாம்ப்பா, நான் பார்த்துக்கறேன். நீ கிளம்பு, பஸ் கூட்டமாயிடும்" என்றாள்.

கிளம்பிவிட்டேன்.

காமாலை வந்த மகளைச் சின்னக் குழந்தையோடு விட்டுவிட்டு ஒரு அப்பன் பஸ் ஏறிவிட்டானா என்று நீங்கள் பல்லைக் கடிப்பது தெரிகிறது. என்ன செய்ய? எங்கள் வீட்டில் ஒருவர் 'வேண்டாம்' என்றால் மற்றவர் நகர்ந்துவிட வேண்டும். வற்புறுத்துவது அநாகரிகம். யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்த சட்டமில்லை இது. ஆனால் மீறினவர் யாருமில்லை.

தப்பு, ஒருத்தி மீறினாள். என் மனைவி சரோஜா. அவள் வேறு வீட்டிலிருந்து வந்தவள். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, "இந்த வரிசைக்குப் பாயசம் வரலையே!" என்று சமையல்கட்டு வரை கேட்கும்படி குரல் கொடுப்பாள். நான் கூனிக் குறுகி இலைக்குள் புகுந்துகொள்ளப் பார்ப்பேன். பாயசம் வரும். எனக்கும் சேர்த்துத்தான் வரும். ரேஷன் கடை, ரயில்வே ரிசர்வேஷன், பள்ளிக்கூட அட்மிஷன் – எங்கெல்லாம் வாய் திறந்து கேட்க வேண்டுமோ, அங்கெல்லாம் அவள்தான் போவாள். குடும்பத்துக்கே ஒரு வாய். "உங்க ஆத்து மனுஷா எல்லாம் வேண்டாம்னு சொல்லிண்டே பொறந்தவா" என்பாள்.

அவள் போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் கேட்பதற்கு ஆளில்லை.

அன்று பஸ்ஸில் இதையெல்லாம்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். வீட்டைத் திறந்தேன். காலையில் போட்டுவிட்டுப் போன பேப்பர் அப்படியே கிடந்தது. நான் வைத்த டம்ளர் வைத்த இடத்தில் இருந்தது. தனியாக இருப்பவர்களுக்கு இது புரியும்... வீட்டில் ஒரு பொருள்கூட, நாமாக நகர்த்தாமல் நகர்ந்திருக்காது. ரேடியோவைப் போட்டேன். போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வித்யாவைக் கூப்பிடலாமா என்று கை போகும். படுத்திருப்பாள், எதற்கு எழுப்ப வேண்டும் என்று திரும்பி வரும்.

அங்கே அவளும் இப்படித்தான் போன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாளோ?

மறுநாள் காலை லஸ் பக்கத்துப் பார்க்கில் சபேசனைப் பார்த்தேன். தினமும் என்னோடு நடப்பவன். கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். ஓட்டல் கதையை அவனிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான். காமாலை என்றதும் நிறுத்தினான்.

"சபேசா, இந்த வேண்டாங்கற குணம் ரத்தத்துல வருமாடா?"

"ஏன் கேக்கறே?"

அவனுக்கு என் அப்பா கதையைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

அப்பா கும்பகோணம் பக்கத்திலிருந்து படிப்புக்காக மயிலாப்பூர் வந்தவர். தங்க ஒரு மூலை கிடைத்தது, சாப்பாட்டுக்கு வழியில்லை. அந்தக் காலத்தில் வாரச் சாப்பாடு என்று ஒரு ஏற்பாடு உண்டு. ஏழைப் பையன்களுக்குத் திங்கட்கிழமை ஒரு வீட்டில், செவ்வாய்க்கிழமை வேறொரு வீட்டில் என்று கிழமைக்கு ஒரு வீட்டில் சாப்பாடு போடுவார்கள். தர்மம்தான். போட்டவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் சாப்பிடுகிற பையனுக்குச் சில நியதிகள் உண்டு. குனிந்த தலை நிமிரக் கூடாது. உப்பில்லை, உறைப்பில்லை என்று சொல்லக் கூடாது. போட்டதைச் சாப்பிட்டு, இலையை எடுத்து, இடத்தைத் துடைத்துவிட்டுப் போய்விட வேண்டும்.

அப்பா ஒரு வியாழக்கிழமை வீட்டில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "இன்னும் கொஞ்சம் சாதம்" என்று கேட்டுவிட்டார். வளர்கிற வயசு, அன்றைக்கு என்னவோ அடக்க முடியாத பசி. அந்த வீட்டு அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. போட்டாள். அடுத்த வியாழக்கிழமை போய் நின்றபோது, "இனிமே வியாழக்கிழமை சௌகரியப்படாது" என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள்.

கேட்டதனால்தானா? வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா? வெளியூர் போகிறார்களா? அப்பாவுக்குக் கடைசி வரை தெரியாது. ஏனென்றால், ஏன் என்று அவர் கேட்கவில்லை. அதற்கப்புறம் படிப்பு முடிகிற வரை வியாழக்கிழமைகளில் குழாய்த் தண்ணீரைக் குடித்துவிட்டுத் தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்தாராம், பசிக்கிற நேரம் தாண்டுகிற வரைக்கும்.

இதை என்னிடம் சொன்னார் என்றா நினைக்கிறீர்கள்? இல்லை. நான் கேட்டதுமில்லை. சரோஜாவிடம் சொன்னார். கல்யாணமாகி வந்த புதிதில் அவள் பரிமாறிக்கொண்டிருந்தாள். அப்பா வழக்கம்போல இலையைக் கையால் மறைத்துப் 'போதும்' என்றார். அவள் கரண்டியும் கையுமாக நின்றபடி, "பசிச்சுண்டே எழுந்துக்கறேளே, ஏன்ப்பா?" என்று கேட்டுவிட்டாள். அவ்வளவுதான், அத்தனையும் கொட்டிவிட்டார். பக்கத்து இலையில் உட்கார்ந்து நான் அன்றுதான் முதல் முதலாகக் கேட்டேன். அப்புறம் சரோஜா அந்தக் கைக்குக் கட்டுப்படவே இல்லை. கையை நகர்த்திவிட்டுச் சாதத்தைப் போடுவாள். அப்பாவும் பேசாமல் சாப்பிட்டுவிடுவார். கடைசிக் காலத்தில் அவர் கொஞ்சம் சதை போட்டிருந்தார் என்றால் அது அவளால்தான்.

"இப்ப சொல்லு" என்றேன் சபேசனிடம். "பட்டினி கிடந்தது அப்பா. நான் பொறந்தப்போ அவருக்கு நல்ல உத்தியோகம், ஆத்துல அரிசி டின் காலியாப் பார்த்ததே இல்லை. எனக்கு ஏன் கை போய் மறைக்கறது? நான் போகட்டும். வித்யாவுக்கு ஏன் மறைக்கறது? அவ என் அப்பாவைப் பார்த்ததே இல்லை, அவ பொறக்கறதுக்கு முன்னாடியே போயிட்டார். நந்துவும் இதையேதான் பண்றா, போன தடவை பார்த்தேன். தட்டுக்கு மேலே இத்தனூண்டு கை. நாலு வயசுக் குழந்தைக்கு எந்த வியாழக்கிழமைடா தெரியும்?"

சபேசன் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தான். அவனுக்குப் பாடம் எடுக்கிற மூடு வந்தால் உட்கார்ந்துவிடுவான்.

"முதல்ல சுலபமான பதில். நீ உங்கப்பாவைப் பார்த்துக் கத்துண்டே. வித்யா உன்னைப் பார்த்துக் கத்துண்டா. குழந்தை அவ அம்மாவைப் பார்க்கறா. இதுக்கு ஜீன் கீன் எதுவும் வேண்டாம்."

"கஷ்டமான பதில்?"

"இப்ப புதுசா ஒண்ணு சொல்றா. எபிஜெனடிக்ஸ்னு பேரு. ஜீனை வீட்டு வயரிங்னு வெச்சுக்கோ. வயரிங் மாறாது. ஆனா சில ஸ்விட்ச் மேலே டேப் ஒட்டிடறது – இதைப் போடாதே, இதை அணைக்காதேன்னு. பட்டினி, பயம் மாதிரி பெரிய அடியெல்லாம் டேப் ஒட்டலாம்கறா. யுத்த சமயத்துல ஹாலந்துல பஞ்சம் வந்துது. அப்போ வயத்துல இருந்த குழந்தைகளை இன்னிக்கும் டாக்டர்கள் பார்த்துண்டிருக்கா. அம்மா கிடந்த பட்டினி பிள்ளை உடம்புல தெரியறதாம். பேரன் பேத்தி வரைக்கும் போகுமாங்கறது இன்னும் சரியாத் தெரியலை."

"அப்ப எங்கப்பா ஒட்டின டேப்தான் நந்து கையில இருக்கா?"

"அவசரப்படாதே. அங்க பட்டினி கிடந்தது கர்ப்பிணிகள். உங்கப்பா கிடந்தது கல்யாணத்துக்கு முன்னாடி. அது அப்பா வழியா இறங்குமா, அதுவும் இன்னும் சாதம் போடுன்னு கேக்கற கூச்சம் இறங்குமா... யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. நீ எழுதற பத்திரிகையில என் பேரைப் போட்டு மாட்டிவிட்டுடாதே."

பேரை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

"டேப்பை உரிக்க முடியுமா?" என்று கேட்டேன்.

"அதுவும் தெரியாது. ஆனா நீ இப்போ பண்ண வேண்டியது ஆராய்ச்சி இல்லை. அந்தப் பொண்ணு ஆத்துக்குப் போ" என்று சொல்லிவிட்டு எழுந்து நடந்தான்.

போகவில்லை. அவள்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டாளே! வீட்டுக்கு வந்து யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரத்தத்தில் வந்தது என்றால் எனக்குத் தெரியாமலே அவளுக்குக் கொடுத்திருக்கிறேன். பார்த்துப் பழகியது என்றால் அவள் கண் முன்னாலேயே கொடுத்திருக்கிறேன். எப்படிப் பார்த்தாலும் நடுவில் நின்ற தபால்காரன் நான்தான். நகையும் நிலமும் கொடுக்க முடியாத அப்பன், பசியை மறைக்கிற வித்தையைக் கொடுத்திருக்கிறேன். வருத்தமாக இருந்தது. அந்த வருத்தத்தைச் சொல்லவும் வீட்டில் யாருமில்லை.

செவ்வாய்க்கிழமை காலை போன் அடித்தது.

"அங்கிள், நான் மெஹர் பேசறேன். வித்யா அக்கா பக்கத்து வூடு. பதறாதீங்க. அக்கா காலைல பாத்ரூம்ல மயக்கம் போட்டு வுழுந்துட்டாங்க. சத்தம் கேட்டு ஓடிப்போய்த் தூக்கினேன். அடி ஒண்ணும் இல்ல. டாக்டரக் கூட்டியாந்து காட்டிட்டேன், சாப்பாடே உள்ள போகல, அதான் மயக்கம்ன்னாரு. நான் கஞ்சி வெச்சுத் தரேன்னா வேணாம், நானே பாத்துக்கறேன்னு கதவ சாத்திக்கினாங்க. உங்களுக்குப் போன் பண்ணக் கூடாதுன்னு கண்டிஷனாச் சொன்னாங்க. அதான் பண்றேன்."

கடைசி வரியைக் கேட்டு, அந்தப் பதற்றத்திலும் சரோஜா ஞாபகம் வந்தது.

கையில் கிடைத்த வேட்டி, சட்டை, மாத்திரை டப்பா எல்லாவற்றையும் ஒரு பையில் திணித்துக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். "இன்னா சார், ஊருக்கா? சென்ட்ரலா, எக்மோரா?" என்றார் டிரைவர். மகள் வீட்டுக்கு, திருவான்மியூருக்கு என்றேன். "அதுக்கு எதுக்கு சார் இம்மாம் பெரிய பை?" என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. இந்தப் பையோடு உள்ளே நுழைய முடியுமா என்பதுதான் எனக்கும் சந்தேகமாக இருந்தது.

வித்யா கதவைத் திறந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பையைப் பார்த்தாள்.

"மெஹர் சொல்லிட்டாளா? அவளுக்கு வேற வேலையில்லை. நான் நன்னா இருக்கேன்ப்பா."

"டாக்டரை இன்னொரு தடவை வரச் சொல்லட்டுமா?"

"வேண்டாம்ப்பா."

"சமைக்க ஆள் பார்க்கட்டுமா?"

"வேண்டாம்."

"நந்துவை நான் கூட்டிண்டு போய் வெச்சுக்கட்டுமா?"

"வேண்டாம்ப்பா. நான் பார்த்துக்கறேன். நீ சிரமப்படாதே."

நான் எதை நீட்டினாலும் அவள் கை வந்து மறைத்துவிடுகிறது. குரலில் கோபமில்லை, வெறுப்பில்லை. மரியாதையாக, மெதுவாக மறைக்கிறாள். இன்னும் ஒரு 'வேண்டாம்' வந்தால் வழக்கப்படி நான் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்க வேண்டும். அவள் மறுபடி பாத்ரூமில் விழுந்தால்? மெஹருக்குச் சத்தம் கேட்காமல் போனால்? குழந்தை மட்டும் உள்ளே இருந்தால்? நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது ஒன்று தோன்றியது. எங்கள் வீட்டில் 'தரட்டுமா' என்பதற்குப் பதில் தயாராக இருக்கிறது. 'வேண்டும்' என்று ஒருவர் கேட்டால் சொல்வதற்குப் பதில் கிடையாது. ஏனென்றால் யாரும் கேட்டதில்லை.

"வித்யா, எனக்கு ஒண்ணு வேணும்" என்றேன்.

அவள் பயந்துவிட்டாள். "என்னப்பா? நெஞ்சு கிஞ்சு வலிக்கறதா?"

"எனக்கு அங்க தனியா இருக்க முடியலைம்மா."

இதை ஒரு உபாயமாகத்தான் ஆரம்பித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், வீட்டுக்குள் நுழைய ஒரு சாக்கு, அவ்வளவுதான். ஆனால் பாதியில் குரல் என் பேச்சைக் கேட்க மறுத்துவிட்டது.

"அம்மா போனதுலேர்ந்தே முடியலை. யாராவது பேசிண்டிருக்கற மாதிரி இருக்கட்டும்னு ரேடியோவைப் போட்டு வெச்சுக்கறேன். தட்டை வெச்சுண்டு ஒருத்தனா உக்காந்தா சாதம் இறங்க மாட்டேங்கறது. உங்காத்துக்கு வர்றப்போல்லாம் இருன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டியான்னு பார்ப்பேன். நானே சாப்பிட்டாச்சு, கிளம்பறேன்னு சொல்லிடுவேன். கொஞ்ச நாள் இங்க இருந்துக்கட்டுமா?"

சொல்லச் சொல்ல அத்தனையும் நிஜம் என்று எனக்கே தெரிந்தது. அறுபது வயதில் என் மகளிடம் முதல் முதலாக ஒன்று கேட்டிருக்கிறேன். காது இரண்டும் சுட்டன. அவள் என்ன சொல்லப் போகிறாளோ என்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வியாழக்கிழமை வாசலில் என் அப்பா எப்படி நின்றிருப்பார் என்பது அன்றுதான் தெரிந்தது.

வித்யா எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஏம்ப்பா, இதை இத்தனை நாளாச் சொல்லலை?"

"உன்னை எதுக்குத் தொந்தரவு..." என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினேன்.

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். மஞ்சள் கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. அப்புறம், பள்ளிக்கூடத்துப் பெண் மாதிரி ஒரு குரலில் கேட்டாள்.

"அப்பா, எனக்குக் கொஞ்சம் கஞ்சி வெச்சுத் தரியா? ரெண்டு நாளா ஏதாவது சூடாக் குடிக்கணும் போல இருக்கு."

கஞ்சி அடிப்பிடித்துவிட்டது. உப்பும் கூடப் போய்விட்டது. குடித்தாள்.

அன்று சாயங்காலம் நந்துவுக்குச் சாதம் பிசைந்து போட்டேன். ஒரு தடவை போட்டதும் தட்டின் மேல் கையை வைத்து, "போதும் தாத்தா" என்றாள். கண் தயிர்ப் பாத்திரத்தின் மேல் இருந்தது. டேப்போ, பழக்கமோ, எந்தப் பாழாய்ப் போன பெயரோ... அந்தச் சின்னக் கையைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. அதை நகர்த்திவிட்டுப் போட எனக்குச் சரோஜாவின் தைரியம் கிடையாது. என்னால் முடிந்தது வேறு. என் தட்டை அவள் பக்கம் தள்ளினேன். அடுத்த ரூமில் படுத்திருந்த வித்யாவுக்கும் கேட்கும்படி, "நந்து! தாத்தாவுக்குத் தயிர் வரலையே! இன்னும் ஒரு கரண்டி போடு!" என்று சத்தம் போட்டேன்.

குழந்தை என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அவள் வீட்டில் இப்படி ஒரு சத்தத்தை அவள் கேட்டதில்லை. அப்புறம் இரண்டு கையாலும் கரண்டியைப் பிடித்து, மேஜையெல்லாம் சிந்திக்கொண்டு போட்டாள். "இன்னும்!" என்றேன். போட்டாள். அவளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. எனக்குத் தயிர் அவ்வளவாக ஆகாது. பரவாயில்லை.

நடுவில் சபேசன் போன் பண்ணினான். "என்னடா, ஜீனா பழக்கமா? கண்டுபிடிச்சியா?" என்றான். தெரியவில்லை என்றேன். அதை ஹாலந்துக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும். என் அப்பாவுக்குக் கதவு சாத்தினார்கள், அதனால் கேட்பதை நிறுத்தினார். எனக்கு யாரும் எந்தக் கதவையும் சாத்தவில்லை. சாத்துவார்களோ என்று பயந்து, நான் இத்தனை வருஷமாக ஒரு கதவையும் தட்டிப் பார்க்கவில்லை. இரண்டு பேருமே பசியோடுதான் எழுந்தோம். விஞ்ஞானம் இதற்கு என்ன பெயர் வைத்தால் என்ன?

இதை வித்யா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். அவள் கண்ணில் மஞ்சள் கொஞ்சம் வெளுத்திருக்கிறது. உள்ளேயிருந்து "அப்பா, மோர் தரியா?" என்று இன்று இரண்டு தடவை கேட்டுவிட்டாள். ஒவ்வொரு தடவையும் கேட்பதற்கு முன் கொஞ்சம் தயங்குகிறாள். எனக்கும் எழுந்து ஓடுகிற அவசரத்தில் பாதி மோர் சிந்திவிடுகிறது. பழகிவிடும் என்று நினைக்கிறேன்.

முதல் பாராவைத் திருத்தலாம் என்று பேனாவை எடுத்தேன். நந்து தட்டோடு வந்து நின்றாள்.

"தாத்தா, இன்னொரு தோசை."

கேட்டுவிட்டாள்! கூச்சமில்லாமல், ஏதோ இது தினமும் நடக்கிற விஷயம் மாதிரி, முழுக் கையையும் நீட்டித் தட்டைக் காட்டுகிறாள். துள்ளி எழுந்து சமையலறைக்கு ஓடினேன். பாத்திரத்தை வழித்துப் பார்த்தேன். மாவு சுத்தமாகத் தீர்ந்துபோயிருந்தது.

பக்கத்து ஃப்ளாட்டில் இருக்கும். மெஹரிடம் போய்க் கேட்க வேண்டும்... கட்டுரை இத்தோடு நிற்கட்டும், இதோ கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.